பன்னிரண்டு மணி ஆறு நிமிடம்



போன ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு ஆளாளுக்குக் கேட்டுவிட்டீர்கள். என் மகள் முகமெல்லாம் புழுதியோடு, முழங்காலில் ரத்தம் காய்ந்து, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படம். "டீச்சர், அக்காவுக்கு ஆக்சிடென்டா?" என்று 1998-இல் ஐந்தாம் வகுப்புப் படித்தவன் பதறிப்போய்க் கேட்டிருந்தான். என் நாத்தனார் போன் செய்து, "ஏன் அண்ணி, கார் இருக்கிற வீட்டில் பொம்பளப் புள்ள எதுக்கு மலையில சைக்கிள் ஓட்டணும்?" என்றார். ஒன்றுவிட்ட தம்பி ஒருவனுக்கு ஒரே கேள்விதான்: "ஜெயிச்சா எவ்வளவு தருவாங்க?"

என் மகளைப் போன்றவர்களுக்குப் பணம் ஒன்றும் தரமாட்டார்கள், தம்பி. பணம் கட்டித்தான் ஓட்ட வேண்டும். பல நூறு டாலர் கட்டணம். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடித்தால் ஒரு பெல்ட் பக்கிள் கிடைக்கும். ஒன்பது மணி நேரத்துக்குள் முடித்தால் அதே பக்கிள் கொஞ்சம் பெரியது. அவ்வளவுதான். கமெண்டில் இரண்டு வரியில் பதில் சொன்னால் உங்களுக்குப் புரியாது என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். என் வகுப்பில் இருந்தவர்களுக்கு அது புதிதில்லை.

மகள் இருப்பது டென்வர் பக்கத்தில். அங்கிருந்து காரில் இரண்டு மணி நேரம் மேற்கே ஏறினால் லெட்வில் என்றொரு சிறிய ஊர். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,100 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். தொட்டபெட்டா உச்சிக்கு மேல் இன்னும் நானூற்றைம்பது மீட்டர் ஏறி அங்கே ஒரு கடைத்தெருவும் பள்ளிக்கூடமும் கட்டியிருந்தால் எப்படியோ, அதுதான் லெட்வில். காற்றில் ஆக்சிஜன் அங்கேயும் 21 சதவீதம்தான் (மறந்திருந்தால் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்). ஆனால் காற்றழுத்தம் குறைவு. அதனால் ஒரு மூச்சுக்குக் கிடைப்பது கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழ 70 சதவீதம். தங்கியிருந்த அறையின் மாடிப்படி ஏறவே நான் நடுவில் ஒருமுறை நின்றேன்.

அந்த ஊரின் கதையைச் சொல்லாமல் இந்தப் பந்தயத்தைச் சொல்ல முடியாது. அது சுரங்க ஊர். பக்கத்து மலையில் கிளைமாக்ஸ் என்றொரு சுரங்கம். இரும்பை உறுதியாக்கச் சேர்க்கிற மாலிப்டினம் எடுக்கிற இடம். 1982-இல் அதை மூடினார்கள். ஊரே அதை நம்பித்தான் இருந்தது. சம்பளம் நின்றது, குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பின. வேலை போனவர்களில் கென் க்ளோபர் என்பவர் ஒருவர். வெளியூர்க்காரர்கள் வந்து இரண்டு நாள் தங்கிச் செலவு செய்தால்தான் ஊர் பிழைக்கும் என்று கணக்குப் போட்டு, மெரிலி மாபின் என்ற பெண்மணியோடு சேர்ந்து 1983-இல் அந்த மலைகளில் நூறு மைல் ஓட்டப்பந்தயம் ஒன்றைத் தொடங்கினார். இந்த உயரத்தில் நூறு மைல் ஓடவிட்டால் ஆள் செத்துப்போவான் என்று உள்ளூர் மருத்துவமனை நிர்வாகி சொன்னாராம். அப்படியானால் ஊர் பேர் வாங்கிவிடும் என்றாராம் இவர். சுரங்கத்தொழிலாளியின் பேச்சு! 1994-இல் அதே மலைகளில் சைக்கிளுக்கும் நூறு மைல் பந்தயம் வந்தது. நூறு மைல் என்றால் நம் கணக்கில் 160 கிலோமீட்டர். தார்ச்சாலை கொஞ்சம்தான். மீதியெல்லாம் மண்ணும் சரளையும் பாறையும். மொத்த ஏற்றம் மட்டும் மூவாயிரம் மீட்டருக்கு மேல்.

பெரிய வீரர்களும் வருவார்கள். 2008-இல் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் வந்தபோது, அதற்கு முன் தொடர்ந்து ஐந்து வருடம் ஜெயித்திருந்த டேவ் வீன்ஸ் அவரையும் முந்தி ஆறாவது முறையாக ஜெயித்தார். ஆனால் நான் எழுத வந்தது அவர்களைப் பற்றி அல்ல. முன்னால் போகிறவர்கள் காற்றாகப் போய்விடுகிறார்கள். பின்னால் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வருகிறார்களே, வங்கி ஊழியர், தச்சர், பல் டாக்டர், பள்ளி ஆசிரியர் என்று, அவர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். என் மகளும் அந்தக் கூட்டம்தான். கம்ப்யூட்டர் வேலை, இரண்டு பிள்ளைகள். விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, பனிக்காலத்தில் கார் ஷெட்டுக்குள் சைக்கிளை ஒரு ஸ்டாண்டில் மாட்டி மிதித்துக்கொண்டே இருப்பாள். போன வருடம் இதே பந்தயத்தில் பாதி வழியில் நேரம் தப்பிவிட்டது என்று நிறுத்திவிட்டார்கள். வழியில் ஒவ்வொரு இடத்தையும் இத்தனை மணிக்குள் தாண்ட வேண்டும் என்று கெடு உண்டு. தாண்டாவிட்டால் ஓரமாக இறங்கிவிட வேண்டியதுதான். அந்த ராத்திரி போனில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மாப்பிள்ளைதான், "அத்தை, அவ தூங்கிட்டா" என்று சமாளித்தார்.

இந்த வருடம் நானே நேரில் இருந்தேன். சனிக்கிழமை காலை ஆறரைக்குத் துப்பாக்கி வெடித்துக் கிளப்பிவிட்டார்கள். ஆகஸ்டு மாதம்தான், ஆனாலும் மார்கழிக் குளிரெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. நானும் மாப்பிள்ளையும் காரில் ட்வின் லேக்ஸ் என்ற இடத்துக்குப் போனோம். நாற்பதாவது மைல். அங்கேதான் குடும்பத்தார் நின்று சாப்பாடும் தண்ணீரும் கொடுக்கலாம். புல்வெளி முழுக்கக் கூடாரம், மாட்டுமணி, குழந்தைகள். நம் ஊர்த் தேர்த்திருவிழா போல இருந்தது. உப்புத் தூவி அவித்த உருளைக்கிழங்கை ஒரு டப்பாவில் வைத்திருந்தேன். ஊறுகாய்த் தண்ணீரும் ஒரு பாட்டிலில் இருந்தது. நம் ஊறுகாய் அல்ல, வெள்ளரிப்பிஞ்சை வினிகரில் ஊறப்போட்ட தண்ணீர். தசைப்பிடிப்புக்கு நல்லது என்று இங்கே எல்லாரும் குடிக்கிறார்கள். வாயில் வைக்க முடியவில்லை.

எதிர்பார்த்த நேரத்துக்கு மகள் வரவில்லை. ஐந்து நிமிடம், பத்து, பதினைந்து. கெடு நெருங்க நெருங்க மாப்பிள்ளை வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவழியாக வந்தாள். முழங்கால் கிழிந்திருந்தது. இறங்கக்கூட இல்லை. உருளைக்கிழங்கை வாயில் அடைத்துக்கொண்டே சொன்னாள்: "அம்மா, டயர் கிழிஞ்சிருச்சு. ஒரு அம்மா நின்னு ட்யூப் குடுத்து மாட்டியும் விட்டாங்க. நீல ஜெர்சி, வெள்ளை ஹெல்மெட். அவங்களுக்கு இன்னைக்கு ஆள் யாரும் வரலையாம். வந்தா பாத்துக்கங்க." சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நடந்தது இது. பவர்லைன் என்றொரு இறக்கம் உண்டு. மின்கோபுரங்களுக்குக் கீழே மலையை நேராகக் கிழித்துக்கொண்டு இறங்குகிற பாதை. மழைத்தண்ணீர் அரித்த வாய்க்கால் நடுநடுவே ஓடும். அங்கே ஒரு கல்லில் மோதி அவள் விழுந்திருக்கிறாள். பின் டயரில் விரல் நீளத்துக்குக் கிழிசல். இந்த சைக்கிள் டயர்களுக்குள் சாதாரணமாக ட்யூப் கிடையாது. உள்ளே ஒரு திரவம் இருக்கும். முள் குத்தினால் அதுவே ஓட்டையை அடைத்துவிடும். கிழிசல் பெரிதானால் ரப்பர் திரி ஒன்றைச் செருகுவார்கள். அதற்கும் நிற்கவில்லை என்றால்தான் ட்யூப். அவளிடம் இருந்தது ஒரே ஒரு ட்யூப். குளிரில் விரைத்த கையோடு அவசரமாக மாட்டியதில் அது ரிம்மில் சிக்கிப் பொத்துவிட்டது. பஞ்சர் கடை இல்லாத காடு. பந்தயம் முடிந்தது என்று ஓரமாக உட்கார்ந்திருக்கிறாள்.

அவளைக் கடந்து போனவர்களில் பெரும்பாலோர் வேகத்தைக் குறைத்து, "எல்லாம் இருக்கா?" என்று ஒரு குரல் கொடுத்தார்களாம். அது இவர்களுடைய வழக்கம். உயிருக்கு ஒன்றுமில்லையே, சாமான் இருக்கிறதா என்று இரண்டையும் சேர்த்து விசாரிக்கிற கேள்வி. இவள் இல்லை என்று தலையாட்டியதும் நீல ஜெர்சிக்காரர் நின்றுவிட்டார். தன் ட்யூபை எடுத்தார். அதைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். இவள் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டுத் தானே உட்கார்ந்து, டயருக்குள் விரல் விட்டுத் தடவிக் கல்துண்டு இருக்கிறதா என்று பார்த்து, பொறுமையாக மாட்டி, காற்றும் அடித்துக் கொடுத்திருக்கிறார். ஒன்பது நிமிடம் ஆனதாம். அவரிடமும் இருந்தது அந்த ஒரு ட்யூப்தான். அதற்குப் பிறகு ட்வின் லேக்ஸ் வரை அவர் மாற்று ட்யூப் இல்லாமலே ஓட்டியிருக்கிறார். தெரிந்தே.

என் தலைமுறையில் உள்ள புதுக்கோட்டை மாவட்டத்துக்காரிகளுக்கு இதைப் படிக்கும்போது வேறொன்று ஞாபகம் வரும். 1991, 92-இல் அறிவொளி இயக்கம். ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கிளம்பிய காலம். ஆசிரியர் பயிற்சி முடித்து வேலையில் இருந்த எனக்கே முப்பது வயதுவரை சைக்கிள் தெரியாது. பொழுது சாய்ந்த பிறகு பள்ளி மைதானத்தில், வாடகைக்கு எடுத்த ஆம்பளை சைக்கிளில் கற்றுக்கொண்டேன். எனக்குப் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவர் கல்குவாரியில் ஜல்லி உடைக்கிற அம்மா. பகலெல்லாம் வெயிலில் சம்மட்டி பிடித்த கை. அவருக்கு நான் சாயங்காலம் அ, ஆ சொல்லிக்கொடுத்தேன், அவர் எனக்குச் சீட்டைப் பிடித்தார். வேடிக்கை பார்த்தவர்கள் பேசிய பேச்சுக்குக் குறைவில்லை. பிறகு ஆம்பளை சைக்கிளே வசதி என்று ஆகிவிட்டது. முன்பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் இல்லையா? என் முன்பாரில் உட்கார்ந்து பாலர் வகுப்புக்கு வந்தவள்தான் இன்று இங்கே பாறையில் உருட்டுகிறாள். நாத்தனாருக்கு இதுதான் என் பதில். அவள் சைக்கிளுக்குப் புதியவள் அல்ல.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. குவாரி அம்மாவுக்கு சைக்கிள் வேலைக்குப் போகிற வண்டி. இங்கே ஒரு சைக்கிளின் விலையில் நம் ஊரில் நல்ல பைக்கே வாங்கலாம். காசும் ஓய்வும் இருக்கிறவர்கள் தேடிப்போய்ப் படுகிற கஷ்டம் இது. அதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் கை ஒன்றுதான். பின்னாலிருந்து சீட்டைப் பிடிக்கிற கைக்கும், அடுத்தவளின் டயரைத் தடவிப்பார்க்கிற கைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

சரி, ட்வின் லேக்ஸுக்கு வருகிறேன். நீல ஜெர்சி வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நெப்ராஸ்கா மாநிலத்தில் நர்ஸ் வேலையாம். ஊரிலிருந்து தனியாகக் காரோட்டி வந்திருக்கிறார். நான் என் அரைகுறை ஆங்கிலத்தில் "என் மகள், ட்யூப்" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. "அவள் போய்ச் சேர்ந்தாளா?" என்றுதான் முதலில் கேட்டார். மாப்பிள்ளை அவருடைய பாட்டில்களை வாங்கி நிரப்பி, எங்களிடம் இருந்த இன்னொரு ட்யூபையும் சைக்கிளில் கட்டிவிட்டார். நான் உருளைக்கிழங்கை நீட்டினேன். நின்றபடியே ஆறு சாப்பிட்டார். கிளம்பும்போது ஒரு வார்த்தை சொன்னார். இது அவருக்கு ஐந்தாவது வருடம். பந்தயத்தை முடித்திருக்கிறார், ஆனால் ஒருமுறைகூடப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் வந்ததில்லை. இந்த வருடம் கால் நன்றாக இருக்கிறது என்றார்.

எனக்கு உருளைக்கிழங்கு டப்பாவை மூடத் தோன்றவில்லை. அப்படியே நின்றேன்.

ட்வின் லேக்ஸுக்கு அப்புறம்தான் பெரிய ஏற்றம். கொலம்பைன் என்ற பழைய சுரங்கம் வரைக்கும் ஏறித் திரும்ப வேண்டும். உயரம் 3,800 மீட்டரை நெருங்கும். மரங்களே வளராத இடம். மேல் பகுதியில் பெரும்பாலோர் ஓட்ட முடியாமல் இறங்கி, எறும்புவரிசையாகத் தள்ளிக்கொண்டு நடப்பார்கள். அதே பாதையில் முன்னால் போனவர்கள் எதிரே பாய்ந்து இறங்கிவருவார்கள். இறங்குகிறவர் கத்தி உற்சாகப்படுத்துவார், ஏறுகிறவர் மூச்சு வாங்கிக்கொண்டே வழி விடுவார். மகள் சொன்னாள், அந்த வரிசையில் யாரும் யாரையும் முந்த நினைப்பதில்லையாம். முன்னால் இருப்பவருடைய பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தால் போதும், மலை தானாக முடியும் என்றாள். யாரோ ஒருவர் தசை பிடித்து உட்கார்ந்தால், பின்னால் வருகிறவர் உப்பு மாத்திரையை அவர் கையில் வைத்துவிட்டுப் பேசாமல் போவார். நன்றி சொல்லக்கூட மூச்சு இருக்காது.

ஏன் இப்படி இருக்கிறார்கள் என்று மூன்று நாளாக யோசித்தேன். விளையாட்டு குணத்தை வளர்க்கும் என்று நாமெல்லாம் ஆண்டுவிழாவில் பேசுவோம். முப்பத்தைந்து வருடம் விளையாட்டு விழா நடத்தியவள் சொல்கிறேன், கபடி இறுதிப்போட்டியில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். இங்கே விஷயம் வேறு. பின்வரிசையில் இருப்பவருக்கு எதிராளி பக்கத்தில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறான். பக்கத்தில் வருகிறவரும் அதே கடிகாரத்தோடுதான் மல்லுக்கட்டுகிறார். ஒருவர் பன்னிரண்டு மணிக்குள் வந்தால் மற்றவருக்கு ஒன்றும் குறையாது. அதனால் பொறாமைக்கு இடமில்லை.

ஆனால் இந்த விளக்கம் பாதி தூரம்தான் போகிறது. நின்றால் நேரம் போகுமே! அது குறைகிறதே! ஆயிரம் பேரில் முன்னால் போகிறவர் நிற்கவில்லை என்றால் நான் குறை சொல்லமாட்டேன். அவருக்கு அது பிழைப்பு. ஒரு மணி நேரம் கையிருப்பு வைத்திருக்கிறவர் நின்றாலும் பெரிய ஆச்சரியமில்லை. பத்து நிமிடம்கூடக் கையில் இல்லாத ஒருவர் நின்றாரே, அதைத்தான் மனவலிமை என்று நான் சொல்வேன். ரத்தம் வழியவழிய ஓட்டுவதை எல்லாரும் மனவலிமை என்கிறார்கள். அது வலியைத் தாங்குவது. இது, ஐந்து வருடம் ஆசைப்பட்டதைத் தன் கையால் எடுத்து ஓரமாக வைப்பது. எனக்கு இரண்டாவதுதான் கஷ்டமாகத் தெரிகிறது.

சாயங்காலம் லெட்வில் கடைத்தெருவில் முடிவுக்கோட்டருகே நின்றோம். மெரிலி மாபின் அம்மையார் பல வருடங்கள் இந்த இடத்தில் நின்று, வருகிறவர்களைக் கட்டியணைத்துப் பதக்கம் போட்டிருக்கிறார் என்று பக்கத்தில் நின்ற பெரியவர் சொன்னார். மகள் 11 மணி 47 நிமிடத்தில் வந்தாள். காலையில் இறங்கின பவர்லைனைத் திரும்பும்போது ஏற வேண்டும். அதுதான் பலரையும் உடைக்கிற இடமாம். அங்கே சைக்கிளைத் தள்ளும்போது டெக்சாஸ்காரர் ஒருவர் கூடவே நடந்து தன் பேரப்பிள்ளைகளின் கதையெல்லாம் சொன்னாராம். கடைசி எட்டு கிலோமீட்டர் எதிர்க்காற்று. அவரே முன்னால் போய்க் காற்றை மறைத்துக்கொடுத்தார். முடிவுக்கோட்டில் இவள் என் தோளில் சாய்ந்து முதலில் கேட்டது, "அவங்க வந்துட்டாங்களா?"

வரவில்லை. தெருக்கோடியில் சரிவு ஏறிவருகிற ஒவ்வொரு தலையாகப் பார்த்தோம். ஆறு இருபது. ஆறு இருபத்தைந்து. ஆறரைக்குக் கடிகாரம் பன்னிரண்டைத் தொட்டது. அதற்குப் பிறகும் மக்கள் நகரவில்லை, கைதட்டிக்கொண்டே இருந்தார்கள். ஆறு முப்பத்தாறுக்கு நீல ஜெர்சி தெரிந்தது.

பன்னிரண்டு மணி ஆறு நிமிடம்.

நான் கணக்கு எடுத்த டீச்சர். ஒன்பதில் ஆறு போனால் மூன்று. அந்த ஒன்பது நிமிடம் நிற்காமல் போயிருந்தால் மூன்று நிமிடம் மிச்சத்தில் பக்கிள் வாங்கியிருப்பார். கைதட்டலுக்கு நடுவே என் மனதில் அந்தக் கழித்தல்தான் ஓடிக்கொண்டிருந்தது. மகளுக்கும் ஓடியிருக்கிறது. அவர் சைக்கிளை விட்டு இறங்கியதும் இவள் போய்க் கட்டிக்கொண்டு அழுதாள். மறுநாள் காலை பக்கிள் வாங்கிய கையோடு அவரைத் தேடிப்போய் அதை அவர் கையில் வைத்துவிட்டாள். அவர் திருப்பிப் பார்த்தார், கட்டைவிரலால் தடவினார், திருப்பிக் கொடுத்துவிட்டார். "கணக்கு அப்படி இல்லை. கொலம்பைனில் நான் நாற்பது நிமிடம் நடந்தேன். அதில் ஆறு நிமிடம் எங்கோ இருந்தது" என்றார். பிறகு, "ட்யூபுக்கு ட்யூப் உன் புருஷன் கொடுத்துவிட்டார். அதனால் கடன் எதுவும் இல்லை" என்று சிரித்தார். சிரித்தாரே தவிர, கண் சிரிக்கவில்லை. ஐந்து வருடம்! நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவருக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் அது பொய்.

அவருக்குக் கொடுக்க என் கையில் இருந்தது மீதி எலுமிச்சை சாதம்தான். நெப்ராஸ்கா வரை காரோட்டிப் போக வேண்டுமே என்று அதைக் கட்டிக்கொடுத்தேன். காரம் கொஞ்சம் இருக்கும் என்றும் சொன்னேன்.

இந்தப் பந்தயத்துக்கு நினைத்தவுடன் பேர் கொடுத்துவிட முடியாது. பெரும்பாலும் குலுக்கல்தான். அடுத்த குலுக்கலில் இருவரும் பேர் கொடுக்கப்போகிறார்கள். இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தால் ட்வின் லேக்ஸில் எங்கள் கூடாரம்தான் அவருக்கும். மகளுக்கு மட்டும் கிடைக்காமல் போனால், மகளும் மாப்பிள்ளையும் அவருக்கு உதவியாளாகப் போய் நிற்பதாகப் பேச்சு. மகள் இப்போதே தன் பையில் இரண்டு ட்யூப் கட்டிவிட்டாள். எடை கூடுமே என்றார் மாப்பிள்ளை. கூடட்டும் என்றாள்.

நான் அடுத்த மாதம் 9-ஆம் தேதி ஊருக்கு வந்துவிடுவேன். அறிவொளி காலத்தில் என்னோடு சைக்கிள் கற்றுக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், அல்லது உங்கள் அம்மா, அப்பத்தா யாராவது அதில் இருந்திருந்தால், கமெண்டில் ஊர் பெயரோடு எழுதுங்கள். என் சீட்டைப் பிடித்த அந்தக் குவாரி அம்மாவின் குடும்பம் இப்போது எந்த ஊரில் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் தனியாக மெசேஜ் போடுங்கள். வந்ததும் போய்ப் பார்க்க வேண்டும்.